எட்டாம் வகுப்புக் கணக்கும் ஸ்டாஃப் ரூம் பாலிசியும்

தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கான கோடைக்காலப் பயிலரங்கு ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



அழைப்பிதழில் என் பேச்சுக்கு 'ஆசிரியர்களும் முதலீடும்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். எந்த ஷேர் வாங்கலாம், எந்த ஃபண்ட் ஏறும் என்று சொல்லப்போகிறேன் என நினைத்து யாராவது நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தால் மூடிவிடலாம். எனக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் அதை மைக்கில் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். நான் பேச வந்தது வேறு. ஆசிரியருக்குப் பணத்தைப் பற்றி யார் பாடம் நடத்துகிறார்கள்?

உங்கள் ஸ்டாஃப் ரூமை நினைத்துப் பாருங்கள். அங்கே பணத்தைப் பற்றிப் பேச வருகிறவர் யார்? பாலிசி ஏஜென்ட் வருவார். பல இடங்களில் அவர் சக ஆசிரியரின் கணவராகவோ, தமிழாசிரியரின் மைத்துனராகவோ இருப்பார். மார்ச் மாதம் வருமான வரிக் கணக்குப் போடும் நேரத்தில் சரியாக வந்து நிற்பார். நகைச்சீட்டு சேர்க்கிறவர் வருவார். மனை விற்கிறவர் வேனோடு வந்து ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய்க் காட்டி, மதியச் சாப்பாடும் போட்டு அனுப்புவார். இப்போது டெலிகிராம் குரூப்பும் சேர்ந்துகொண்டது. இவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. எல்லோரும் விற்கிறவர்கள். விற்கிறவரிடம் பாடம் கேட்டால், அவர் கையில் இருக்கும் சரக்குதான் பாடத்திட்டம்.

இதில் எனக்கு வியப்பு என்னவென்றால், இந்தப் பாடத்துக்கு வேண்டிய கணக்கு நம்மிடமே இருக்கிறது. நம் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'வாழ்வியல் கணிதம்' என்று ஓர் இயல் உண்டு. அதில் கூட்டுவட்டி வரும். 'ஓர் அசல் எத்தனை ஆண்டில் இருமடங்காகும்?' என்று பிள்ளைகளிடம் கேட்டுவிட்டு, தப்பாகப் போட்டால் காதைத் திருகிய காலமும் இருந்தது. அதே டீச்சர் மாலையில் ஏஜென்ட் நீட்டும் தாளில் வட்டி விகிதம் என்ன என்று கேட்காமல் கையெழுத்துப் போடுகிறார். இன்று நாம் செய்யப்போவது அந்த எட்டாம் வகுப்புக் கணக்கு ஒன்றுதான்.

முதலில் நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்வோம். ஒரே தெருவில் மூன்று ஆசிரியர்கள் குடியிருக்கலாம். மூவருக்கும் முதுமை வேறு வேறு. 2003 ஏப்ரல் 1-க்கு முன் அரசுப் பணியில் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியம். அகவிலைப்படி ஏற ஏற அதுவும் ஏறும். அதன் பிறகு சேர்ந்தவருக்கு வந்தது சி.பி.எஸ். என்னும் பங்களிப்பு ஓய்வூதியம்; சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் பத்து விழுக்காடு பிடித்தம், அரசும் அதே அளவு போடும் என்று தொடங்கிய திட்டம். அதை எதிர்த்து நடந்த போராட்டங்களும் அதற்குக் கோட்டையிலிருந்து வந்த பதில்களும் தனியாக ஒருநாள் பேசவேண்டிய கதை. மூன்றாமவர் நாம். மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் வேலை பார்க்கும் தனியார் பள்ளி ஆசிரியர்கள்.

ஆசிரியருக்கு ஓய்வூதியம் என்பது தானாக வந்ததும் இல்லை. தனியார் நிர்வாகத்தில் அரசு உதவி பெற்று நடந்த பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு ஒருகாலத்தில் ஓய்வூதியம் கிடையாது. காமராஜர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1955-இல், சேமநிதி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றையும் சேர்த்துத் தந்த 'டிரிபிள் பெனிஃபிட்' திட்டம் சென்னை ராஜ்யத்தில் வந்தது. மற்ற மாநிலங்கள் பிறகு இதைப் பார்த்து நடந்தன. அந்தக் குடைக்குள் அரசு உதவி பெறாத பள்ளிகள் இல்லை. ஓய்வூதியம் என்று நமக்கு இருப்பது பி.எஃப். சட்டம் தருவது மட்டுமே. 1952-ஆம் ஆண்டின் அந்தச் சட்டமும் 1982-இல்தான் கல்வி நிறுவனங்களின் பக்கம் திரும்பியது.

அதனால் முதல் பாடம் பி.எஃப். பாஸ்புக். இங்கேதான் நான் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

ஒரு டீச்சருக்குப் பி.எஃப். கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளம் 15,000 ரூபாய் என்று வையுங்கள். அவர் சம்பளத்தில் 12 விழுக்காடு, 1,800 ரூபாய் பிடிப்பார்கள். நிர்வாகமும் 1,800 போடும். ஆனால் நிர்வாகம் போடும் பணம் முழுவதும் பி.எஃப்.புக்குப் போகாது. அதில் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும். மீதி 550. ஆக மாதம் 2,350 ரூபாய் பி.எஃப்.பில் சேர்கிறது. ஆண்டுக்கு 28,200.

இந்த டீச்சர் 28 வயதில் சேர்ந்து 58 வரை வேலை பார்க்கிறார். சம்பளமே ஏறவில்லை என்று வைத்துக்கொள்வோம். சிரிக்காதீர்கள், சில பள்ளிகளில் அது நடக்காத கதை இல்லை. 2023-24க்கும் 2024-25க்கும் அறிவித்த 8.25 விழுக்காடு வட்டியே கடைசிவரை கிடைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். முப்பது ஆண்டு முடிவில் கையில் 33 லட்சம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அவர் கணக்கில் விழுந்த மொத்தத் தொகை எட்டரை லட்சத்துக்கும் குறைவு. மீதி எல்லாம் வட்டிக்கு வட்டி.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். இந்த 33 லட்சத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். முதல் பத்து ஆண்டில் போட்ட பணம் 2 லட்சத்து 82 ஆயிரம். அது வளர்ந்து வளர்ந்து கடைசியில் ஏறக்குறைய 20 லட்சமாகிறது. பிந்திய இருபது ஆண்டில் போட்ட பணம் 5 லட்சத்து 64 ஆயிரம். அது தருவது சுமார் 13 லட்சம். பாதிப் பணம் போட்ட பத்து ஆண்டு, இருமடங்கு போட்ட இருபது ஆண்டை விட ஏழு லட்சம் அதிகம் தருகிறது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கும்.

இப்போது நம் வாழ்க்கையைப் பாருங்கள். தனியார் பள்ளி ஆசிரியர் எந்தப் பத்து ஆண்டுப் பணத்தை எடுத்துச் செலவழிக்கிறார்? முதல் பத்து ஆண்டுப் பணத்தைத்தான். கல்யாணமாகி வேறு ஊர் போகும்போது ஒரு முறை. குழந்தை பிறந்து வேலையை விடும்போது ஒரு முறை. பக்கத்துப் பள்ளியில் ஆயிரம் ரூபாய் கூடத் தருகிறார்கள் என்று மாறும்போது ஒரு முறை. 'பழைய பள்ளிக் கணக்கை எதற்கு வைத்துக்கொண்டு, எடுத்துவிடுங்கள் மிஸ்' என்று பிரவுசிங் சென்டர்காரரே படிவம் 19-ஐயும் 10சி-யையும் நிரப்பிக் கொடுத்துவிடுவார். கையில் நாற்பதாயிரமோ ஐம்பதாயிரமோ வரும். ஒரு வளையல், ஒரு வாஷிங் மெஷின், மீதி எங்கே போயிற்று என்று தெரியாது. ஐந்து ஆண்டு ஆவதற்குள் எடுத்தால் வருமான வரியும் உண்டு.

நான் வளையலைக் குறை சொல்லவில்லை. அந்த நேரத்து நெருக்கடி அவரவருக்குத்தான் தெரியும். ஆனால் அந்த 10சி படிவம் செய்கிற இன்னொரு வேலையை யாரும் சொல்லித் தருவதில்லை. அது ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் மாதாந்திர ஓய்வூதியம் வேண்டுமென்றால் பத்து ஆண்டு பணி வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் மூன்று, நான்கு ஆண்டு வேலை பார்த்து ஒவ்வொரு முறையும் எடுத்துவிட்டால், கணக்கு ஒவ்வொரு முறையும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். இருபது ஆண்டு பாடம் நடத்தியவர், பத்து ஆண்டு பணி இல்லாதவராக 58 வயதில் நிற்பார். பணத்தை எடுத்தே ஆகவேண்டும் என்றால் பி.எஃப்.பை மட்டும் எடுங்கள். ஓய்வூதியத்துக்கு 'ஸ்கீம் சர்டிஃபிகேட்' கேளுங்கள். அடுத்த பள்ளியில் அந்த ஆண்டுகள் சேர்ந்துகொள்ளும். எடுக்கத் தேவையே இல்லையென்றால் கணக்கை ஆன்லைனிலேயே புதிய பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம், எத்தனை பள்ளி மாறினாலும் பி.எஃப்.புக்கான யு.ஏ.என். எண் ஒன்றுதான்.

அந்த ஓய்வூதியம் எவ்வளவு வரும்? ரொம்ப ஆசைப்பட வேண்டாம். ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். சம்பளத்துக்கு 15,000 என்று உச்சவரம்பு. 2014 செப்டம்பரில் வைத்தது. இருபது ஆண்டுக்கு மேல் பணி இருந்தால் இரண்டு ஆண்டு கூட்டித் தருவார்கள். முப்பது ஆண்டு வேலை பார்த்தவருக்கு மாதம் 6,857 ரூபாய். அகவிலைப்படி கிடையாது. 58 வயதில் வாங்கும் அதே 6,857 தான் 80 வயதிலும். குறைந்தபட்ச ஓய்வூதியம் ஆயிரம் ரூபாய் என்று 2014-இல் வைத்தார்கள். அந்த ஆயிரத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. நீங்களே கடைக்குப் போய்ப் பாருங்கள்.

ஆனாலும் அதை விட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் பின் கணவருக்கோ மனைவிக்கோ குடும்ப ஓய்வூதியம் அதிலிருந்துதான் வரும். பணியில் இருக்கும்போதே ஏதாவது ஆகிவிட்டால், நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கட்டாமல், நிர்வாகம் கட்டும் அரை விழுக்காட்டிலிருந்து ஏழு லட்சம் வரை காப்பீட்டுத் தொகை உண்டு. இந்தக் காப்பீடு தனக்கு இருப்பது எத்தனை ஆசிரியர்களுக்குத் தெரியும்? இங்கே கை தூக்கச் சொன்னால் சங்கடமாகிவிடும், வேண்டாம்.

பாஸ்புக்கில் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். மே மாதத்தைப் பாருங்கள். கோடை விடுமுறைக்குச் சம்பளம் தராத பள்ளிகள் உண்டு. அங்கே அந்த மாதத்தில் பி.எஃப். விழாது, ஓய்வூதியப் பணிக் காலத்திலும் அந்த நாட்கள் கழியும். முப்பது மே மாதம் என்றால் இரண்டரை ஆண்டு. அடுத்து, சம்பளச் சீட்டையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 22,000 சம்பளம் வாங்கும் டீச்சருக்கு அடிப்படைச் சம்பளம் 8,000 என்று காட்டி, மீதியை 'சிறப்புப் படி' என்று போட்டு, 8,000-க்கு மட்டும் பி.எஃப். பிடிப்பது ஒரு பழைய வித்தை. 2019 பிப்ரவரி 28-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லிவிட்டது. எல்லோருக்கும் ஒரே மாதிரி வழங்கும் படி, அடிப்படைச் சம்பளத்தில் சேரும் என்றது தீர்ப்பு. அந்த வழக்குக் கட்டில் முதலில் இருக்கும் பெயர் மேற்கு வங்கத்தின் விவேகானந்தா வித்யாமந்திர். அதுவும் ஒரு பள்ளிக்கூடம்தான். தொழிலாளர் சட்ட வகுப்புகளில் இன்றைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் தீர்ப்பு ஆசிரியர்களின் சம்பளச் சீட்டிலிருந்து பிறந்தது, அது ஆசிரியர்களுக்கே தெரியவில்லை.

பிறகு, பெயர். இது முழுக்க முழுக்க நம் தமிழ்நாட்டுத் தலைவலி. பள்ளிச் சான்றிதழில் 'எஸ். லட்சுமி'. ஆதாரில் 'லட்சுமி சுப்பிரமணியன்'. கல்யாணத்துக்குப் பிறகு வங்கியில் 'ஆர். லட்சுமி'. மூன்றும் ஒரே ஆள் என்பது ஊருக்கே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. 58 வயதில், பணம் வேண்டிய நேரத்தில், விண்ணப்பம் திரும்பி வரும். அப்போது முதலில் வேலை பார்த்த பள்ளி இருக்குமா, தாளாளர் இருப்பாரா, அலுவலகக் கோப்பு இருக்குமா? இன்ஷியலைச் சரிசெய்ய வேண்டிய காலம் முப்பதுகளில். வேலையை விட்ட தேதியைப் பழைய பள்ளி பதியாமல் விட்டிருந்தால் இப்போது நாமே பதியலாம். நாமினி பெயரையும் அப்படியே. கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரைப் போட்டுவிட்டு அப்படியே மறந்துபோனவர்கள் நிறையப் பேர்.

இனி பாலிசிக்கு வருவோம்.

ஏஜென்ட் சொல்வது இதுதான்: 'ஆண்டுக்கு ஐம்பதாயிரம், இருபது ஆண்டு. பத்து லட்சம் கட்டுகிறீர்கள், பதினேழு லட்சத்துக்கு மேல் கையில் வரும். ஏழு லட்சம் லாபம், வரி கிடையாது, நடுவில் உயிருக்கும் காப்பு.' கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது எட்டாம் வகுப்பு மாணவனைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு ஆண்டும் தொடக்கத்தில் ஐம்பதாயிரம் போட்டு, இருபதாம் ஆண்டு முடிவில் 17 லட்சத்து 36 ஆயிரம் வந்தால் கூட்டுவட்டி விகிதம் என்ன? விடை, 5 விழுக்காடு. அதே பணத்தை அஞ்சலகத்தில் பி.பி.எஃப். கணக்கில் போட்டிருந்தால்? 2020 ஏப்ரலிலிருந்து அதற்கு வட்டி 7.1. பதினைந்து ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு நீட்டித்தால் இருபது. அந்த வட்டி அப்படியே இருந்தால் கையில் 22 லட்சத்துக்கு மேல். பி.எஃப்.பிலேயே கூடுதலாகப் பிடிக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம், வி.பி.எஃப். என்பார்கள். 8.25 வட்டி நீடித்தால் இருபத்தைந்தரை லட்சத்தை நெருங்கும். இதில் கூடுதலாக ஏதும் வாங்க வேண்டாம், யாரையும் பார்க்க வேண்டாம், அக்கவுண்ட்ஸ் மேடத்திடம் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். கமிஷன் இல்லாததாலோ என்னவோ, வி.பி.எஃப். பற்றிச் சொல்ல ஸ்டாஃப் ரூமுக்கு யாரும் வருவதில்லை.

உயிருக்குக் காப்பு வேண்டாமா என்பீர்கள். கட்டாயம் வேண்டும், குறிப்பாக வீட்டில் ஒரே சம்பளம் என்றால். அதற்கு டெர்ம் பாலிசி இருக்கிறது. முப்பது வயதில் ஐம்பது லட்சத்துக்குக் காப்பு எடுத்தால் ஆண்டுக்குச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். 'பணம் திரும்பி வராதே' என்று நம் ஆட்கள் அதைத் தொடுவதில்லை. முதலாண்டு பிரீமியத்தில் 35 விழுக்காடு வரை ஏஜென்டுக்குக் கமிஷன் தரலாம் என்று காப்பீட்டுச் சட்டமே நெடுங்காலம் இடம் கொடுத்திருந்தது. ஐம்பதாயிரத்தில் அதையும் போட்டுப் பாருங்கள். அதை விட்டு டெர்ம் பாலிசியை அவர் ஏன் விரும்பி விற்கப்போகிறார்? ஏற்கெனவே பல ஆண்டு கட்டிய பாலிசியை இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே போய் உடைக்காதீர்கள். மீதி ஆண்டுகளுக்கு மட்டும் வட்டி என்ன என்று தனியாகக் கணக்குப் போட்டபின் முடிவு செய்யுங்கள். போன வாரம்தான் கையெழுத்துப் போட்டேன் என்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க விதி இருக்கிறது.

இது நம் ஊர்க் குறை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் பள்ளி ஆசிரியர்களுக்கு '403 பி' என்று ஒரு சேமிப்புத் திட்டம் 1958-இலிருந்து இருக்கிறது. சம்பளத்திலேயே பிடித்தம், வரிச் சலுகை, எல்லாம் உண்டு. கம்பெனி ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பைப் பாதுகாக்க 1974-இல் அவர்கள் கொண்டுவந்த சட்டம் அரசுப் பள்ளி ஆசிரியர்களின் இந்தத் திட்டங்களுக்குப் பொருந்தாது. அந்த இடைவெளியில் ஏஜென்டுகள் நுழைந்தார்கள். பாதியில் எடுத்தால் அபராதம் போடும், செலவு அதிகமான ஆண்டுத்தொகைப் பாலிசிகளை ஆசிரியர் ஓய்வறையிலேயே விற்றார்கள். 2020 ஜூலையில் அங்குள்ள பங்குச் சந்தை ஆணையம் ஒரு பெரிய நிதி நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது. ஃப்ளோரிடா மாநில ஆசிரியர் சங்கங்களுக்குச் சொந்தமான ஒரு கம்பெனிக்குப் பணம் போனது, அதற்குக் கைம்மாறாக ஆசிரியர்களிடம் அந்த நிறுவனத்தையே பரிந்துரைத்தார்கள், இந்த ஏற்பாடு ஆசிரியர்களுக்குத் தெரியாது என்பது குற்றச்சாட்டு. அதையும் சேர்த்து இரண்டு விவகாரங்களில் ஏறக்குறைய 4 கோடி டாலர் கட்ட நிறுவனம் ஒப்புக்கொண்டது. சங்கத் தோழர் சொன்னார் என்று கையெழுத்துப் போட்டவர்கள்தான் அங்கேயும். அதனால் இன்றைக்கு இதை ஏற்பாடு செய்த நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: அடுத்த ஆண்டு இந்தப் பயிலரங்குக்குத் தேநீரும் பையும் தருகிறோம் என்று எந்த நிறுவனமாவது வந்தால், பையை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தேநீர் நம் காசிலேயே குடிக்கலாம்.

இனி முன்வரிசையில் இருக்கும் இளைஞர்கள் பொறுமை இழந்து காத்திருக்கும் விஷயம், பங்குச் சந்தை. அதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. காரணம் விலைவாசி. சற்று முன் சொன்ன 33 லட்சம் இருக்கிறதே, விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் முப்பது ஆண்டு கழித்து அதற்கு இன்றைய மதிப்பில் ஆறு லட்சம்கூடத் தேறாது. ஆகவே நீண்ட காலத்துக்குத் தேவைப்படாத பணத்தில் ஒரு பங்கு விலைவாசியைத் தாண்டி வளரும் இடத்தில் இருக்க வேண்டும். அதற்கு மிக எளிய வழி நிஃப்டி 50 போன்ற குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் ஒரு தொகை போடுவது. அதில் எனக்கு மேதாவித்தனம் எதுவும் தேவையில்லை, செலவும் குறைவு. ஆனால் விழும். 2008 ஜனவரியில் 6,300-ஐத் தாண்டிய நிஃப்டி அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் 2,600-க்குக் கீழே கிடந்தது. ஒரு லட்சம் நாற்பதாயிரமாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் மதியம் எட்டாவது பீரியடுக்கு வகுப்புக்குப் போக முடியுமா? முடியாது என்றால் அந்தப் பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அடுத்த ஆண்டு வேண்டிய பணத்துக்கு அங்கே வேலை இல்லை.

மியூச்சுவல் ஃபண்டிலும் இரண்டு கதவு உண்டு. 2013 ஜனவரியிலிருந்து எந்தத் திட்டத்தையும் இடைத்தரகர் இல்லாமல் 'டைரக்ட்' வழியில் வாங்கலாம். 'ரெகுலர்' வழியில் வாங்கினால் தரகருக்கு ஆண்டுதோறும் உங்கள் பணத்திலிருந்து ஒரு பங்கு போகும். ஒரு விழுக்காடுதானே என்பார்கள். ஒரு லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 11 விழுக்காடு வளர்ந்தால் 25 ஆண்டில் பதின்மூன்றரை லட்சம். 10 விழுக்காடு வளர்ந்தால் 10 லட்சத்து 80 ஆயிரம் சொச்சம். அந்த ஒரு விழுக்காட்டுக்கு விலை இரண்டே முக்கால் லட்சம். நல்ல ஆலோசனை தருகிற தரகருக்கு அதைக் கொடுப்பதில் தப்பில்லை, கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வை மட்டும் நினைவூட்டுகிறேன். மூன்று நிதியாண்டில் அதில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நட்டப்பட்டார்கள். ஒட்டுமொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

பேராசைக்காரர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ஆருத்ரா நிதி மோசடி வந்தபோது எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். மாதத்துக்கு 25, 30 விழுக்காடு வட்டி என்றால் நம்பலாமா என்று கேட்டார்கள். சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடிக்கு மேல் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொன்னது. சரி, அது பேராசை என்றே வைத்துக்கொள்வோம். மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டை என்ன சொல்வது? 1872-இல் தொடங்கிய நிதி நிறுவனம். வட்டியும் வங்கியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஓய்வு பெற்றவர்கள், விதவைகள் என்று தலைமுறை தலைமுறையாகப் போட்ட இடம். 2024-இல் முதிர்ந்த பணம் திரும்பி வரவில்லை என்று புகார்கள் குவிந்து அதன் நிர்வாக இயக்குநர் கைதானார். அங்கே போட்டவர்கள் ஆசைப்படவில்லை, பழைய பெயரை நம்பினார்கள். எனவே வட்டி எவ்வளவு என்பதோடு, யார் பொறுப்பு என்றும் கேட்க வேண்டும். வங்கியில் போட்ட பணத்துக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரியில் ஒரு லட்சத்திலிருந்து ஐந்தாக உயர்த்தினார்கள். நிதி நிறுவனத்துக்கு அந்தக் காப்பீடு கிடையாது. அஞ்சலகத்துக்குப் பின்னால் மத்திய அரசே நிற்கிறது. ஓய்வுபெற்ற பணத்தைப் போட மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. அறுபது வயதானவர்களுக்கு உரியது என்றாலும், 55 வயதுக்கு மேல் ஓய்வுபெற்றவர்கள் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அதில் சேரலாம். 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலிலிருந்து 8.2 விழுக்காடு. அந்த 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். இதற்கு மேல் தருகிறேன் என்று ஒருவர் வந்தால், அந்த 'மேல்' எங்கிருந்து வருகிறது என்று அவரைக் கரும்பலகைக்கு அழைத்து விளக்கச் சொல்லலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு கணக்கு டீச்சர், ஒரு வணிகவியல் சார். ஆண்டுக்கு இரண்டு சனிக்கிழமை. அவரவர் பாஸ்புக்கையும் சம்பளச் சீட்டையும் பாலிசித் தாளையும் எடுத்து வந்து, தொகையை வெளியே சொல்லாமல் விகிதத்தை மட்டும் கண்டுபிடிப்பது. விற்பவர் யாரும் அறைக்குள் இல்லாமல் நடக்கும் ஒரே பணப் பேச்சாக அது இருக்கும். நம் ஆட்களுக்குச் சேர்ந்து செய்வது புதிதல்ல. எந்த ஊருக்குப் போனாலும் ஆசிரியர் காலனி என்று ஒரு தெரு இருக்கிறது. ஆசிரியர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கம் இருக்கிறது. மனை வாங்கச் சேர்ந்தவர்கள் கணக்குப் போடவும் சேரலாம்.

கடைசியாக ஒன்று, இந்த ஆண்டு ஓய்வுபெறுகிறவர்களுக்கும் ஏற்கெனவே ஓய்வுபெற்றவர்களுக்கும். கிராஜுவிட்டி. பள்ளி ஆசிரியருக்குப் பணிக்கொடை கிடையாது என்று இன்னும் சில நிர்வாகங்கள் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தில் வந்த 'பணியாளர்' என்பதற்குள் ஆசிரியர் வரமாட்டார் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அகமதாபாத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கொண்டுபோன வழக்கு. நாடாளுமன்றம் 2009-இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3-லிருந்தே ஆசிரியர்களுக்கு உரிமை உண்டு என்று ஆக்கியது. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்து நீதிமன்றம் போயின. 2022 ஆகஸ்ட் 29-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்று முடித்துவைத்தது. அந்தப் பழைய சட்டம் இப்போது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆனால் கணக்கு அதேதான்: கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணி ஆண்டுகளால் பெருக்குங்கள். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 25,000, முப்பது ஆண்டு பணி என்றால் 4 லட்சத்து 32 ஆயிரத்து 692 ரூபாய். உச்சவரம்பு 20 லட்சம். நிர்வாகம் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டியோடு. 1997 ஏப்ரலுக்குப் பிறகு ஓய்வுபெற்று, 'உங்களுக்குக் கிடையாது மிஸ்' என்ற பதிலோடு வீட்டுக்குத் திரும்பியவர்கள் உங்கள் ஊரில் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய் நியமன உத்தரவையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் தேடி எடுக்கச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டு கிடைக்கவில்லையென்றால் பி.எஃப். பாஸ்புக்கை எடுத்துக்கொள்ளலாம், எந்தப் பள்ளியில் எந்த மாதம் வரை வேலை பார்த்தார் என்பது அதில் இருக்கும். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்கு இங்கேயே ஒரு மேசை போட்டிருக்கிறோம், சாப்பாட்டுக்குப் பிறகு வரலாம்.